மார்ச் மாத ஜோசியர்கள்

மார்ச் பிறந்தால் சிட்னியிலும் பிரிஸ்பேனிலும் பாதிப் பேர் ஜோசியர் ஆகிவிடுவார்கள். கிளியும் வேண்டாம், சோழியும் வேண்டாம். ஒரு பேப்பரும் பேனாவும் போதும். என்.ஆர்.எல். என்கிற ரக்பி லீக் போட்டியில் ஆடும் 17 டீம்களின் பெயரை எழுதி, செப்டம்பரில் யார் எந்த இடத்தில் இருப்பார்கள் என்று மேலிருந்து கீழே வரிசைப்படுத்த வேண்டும். அவ்வளவுதான் வேலை. பிளஸ் ஒன்னில் படித்த பெர்முட்டேஷன் ஞாபகம் இருந்தால் கணக்குப் போட்டுப் பாருங்கள். 17 ஃபேக்டோரியல். சுமார் 355 லட்சம் கோடி வரிசைகள் சாத்தியம். அதில் ஒன்றுதான் சரி. அப்படியும் ஒருத்தரும் எழுதாமல் விடுவதில்லை. எழுதியதை அடித்துச் சத்தியம் வேறு செய்வார்கள்.

"ரக்பியா? அமெரிக்காக்காரன் ஹெல்மெட் போட்டு ஆடுறதுதானே?" என்று என் ரூம்மேட் கேட்டான். இல்லை. ரக்பி யூனியனும் இல்லை. 1895-ல் வட இங்கிலாந்தில் சுரங்கத்திலும் மில்லிலும் வேலை பார்த்தவர்கள் சனிக்கிழமை ஆடப் போனால் அன்றைய கூலி போய்விடும். அந்தக் கூலியை ஈடு கட்டக் கூடாது என்று மேல்தட்டு நிர்வாகம் சொல்ல, ஹட்டர்ஸ்ஃபீல்டில் ஒரு ஹோட்டலில் கூடி கிளப்புகள் தனியாகப் பிரிந்தன. அப்படிப் பிறந்ததுதான் ரக்பி லீக். சிட்னியில் 1908-ல் போட்டி தொடங்கியது. அங்கேயும் உழைக்கிறவர்கள் வாழ்ந்த பேட்டைகளின் விளையாட்டாகத்தான் வளர்ந்தது. (இந்தக் கூலி விஷயத்தைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும்.)

ஒரு பக்கம் 13 பேர், 80 நிமிடம். பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு முன்னால் ஓடலாம், ஆனால் கையால் பாஸ் பண்ணும்போது முன்னால் எறியக் கூடாது. எதிராளி கபடியில் ரெய்டரை அமுக்குகிற மாதிரி பிடித்துக் கீழே தள்ளுவான். ஆறு தடவை பிடிபடுவதற்குள் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்தால் 4 புள்ளி, அதன்பின் கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் இன்னும் 2. ஆறாவதிலும் முடியாவிட்டால் பந்து எதிர் டீமுக்கு. இவ்வளவு தெரிந்தால் பார்க்க ஆரம்பித்துவிடலாம்.

எனக்கு இந்த நோய் வந்தது மாமாவால். அம்மாவின் தம்பி. சிட்னியின் மேற்கே பெண்டில் ஹில்லில் இருக்கிறார். அந்தப் பக்கம் வென்ட்வொர்த்வில், டூங்காபி என்று ரயில் ஸ்டேஷன் வரிசையாக வரும். தமிழர்கள் நிறைய வாழ்கிற பகுதி. பக்கத்து ஊர் பரமட்டா. அதன் டீம் பரமட்டா ஈல்ஸ். போன புதிதில் ஆபீஸில் யாரோடும் பேச விஷயம் இல்லாமல் இருந்த மாமாவுக்கு, திங்கட்கிழமை காலை பேச ஒரு விஷயம் கொடுத்தது ஈல்ஸ்தான். அதற்கு நன்றிக்கடனாக இன்றுவரை துன்பப்பட்டுக்கொண்டிருக்கிறார். ஏனென்றால் ஈல்ஸ் கடைசியாகக் கோப்பை வாங்கியது 1986-ல். அந்த கிராண்ட் ஃபைனல் 4-2 என்று முடிந்தது. இரண்டு பக்கமும் ஒருத்தர்கூடக் கோட்டைத் தாண்டவில்லை. அதற்கப்புறம் ஒவ்வொரு மார்ச்சிலும் ஈல்ஸ் ரசிகர்கள் சொல்வது ஒன்றே ஒன்று: "இந்த வருஷம் நம்ம வருஷம்."

மாமா பையன், என் மச்சான், பென்ரித் பாந்தர்ஸ் ஆதரவாளன். அதே ரயில் பாதையில் இன்னும் மேற்கே, நீல மலைகளின் அடிவாரத்தில் இருக்கிற ஊர் பென்ரித். பரமட்டாவுக்கும் பென்ரித்துக்கும் நடுவில் ஒரு எம்4 ஹைவே, இரண்டு பக்கமும் பகை. அப்பாவும் மகனும் இரண்டு டீம் என்றால் வீடு எப்படி இருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். நான் நடுவில். மூன்று பேருக்கும் ஒரு வாட்ஸ்ஆப் குரூப். ஒவ்வொரு ரவுண்டுக்கும், பெரும்பாலும் எட்டு மேட்சில், யார் ஜெயிப்பார்கள் என்று முதல் மேட்சுக்கு முன்னால் பதிவிட வேண்டும். அங்கே இதற்கு டிப்பிங் என்று பேர். ஆபீஸ், கடை, குடும்பம் எல்லா இடத்திலும் நடக்கும். சிட்னியில் வியாழன் இரவு எட்டு மணி மேட்ச் என்றால் மார்ச்சில் நமக்கு மதியம் இரண்டரை. அதாவது சரியாக லேப் நேரம்.

காசு கிடையாது, அது மாமா போட்ட சட்டம். அங்கே மேட்ச் நடுவே வரும் சூதாட்ட விளம்பரங்களைப் பார்த்து வெறுத்துப்போனவர் அவர். கடைசி இடம் வருபவர் வீட்டுச் சமையலறையில் ஒரு வருஷம் ஒரு மரக்கரண்டி தொங்க வேண்டும், அவ்வளவுதான் தண்டனை. என்.ஆர்.எல்.லிலும் பட்டியலில் கடைசியாக வரும் டீம் "மரக்கரண்டி வாங்கிடுச்சு" என்றுதான் சொல்வார்கள். இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது தெரியுமா? கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கணக்குத் தேர்விலிருந்து. அங்கே ஹானர்ஸ் பட்டியலில் கடைசி இடம் பிடித்தவருக்குச் சக மாணவர்கள் ஒரு மரக்கரண்டியைக் கொடுத்துக் கலாய்ப்பார்கள். 1909 வரை நடந்தது. இதில் பலர் கவனிக்காத விஷயம் ஒன்று: கரண்டி வாங்கியவன் ஃபெயில் ஆனவன் இல்லை. ஹானர்ஸோடு பாஸ் ஆனவர்களில் கடைசி. பாஸ் ஆனவன்!

சரி, கணிப்புக்கு வருவோம். சீசன் ஆரம்பக் கணிப்பு ஏன் இவ்வளவு கஷ்டம்?

முதல் காரணம், சம்பள வரம்பு. எல்லா கிளப்பும் வீரர்களுக்கு மொத்தமாக இவ்வளவுதான் கொடுக்கலாம் என்று ஒரு கூரை இருக்கிறது. மீறினால் சும்மா விடமாட்டார்கள். 2010-ல் மெல்போர்ன் ஸ்டார்ம் ரகசியமாக மீறியது தெரிந்து, 2007, 2009 இரண்டு கோப்பைகளையும் பிடுங்கிவிட்டார்கள். இதனால் ஜெயிக்கிற டீம் தன் ஆட்களைத் தக்கவைக்க முடியாது. பென்ரித் 2021, 22, 23, 24 என்று வரிசையாக நான்கு கோப்பை வாங்கியது. ஆனால் ஒவ்வொரு கோப்பைக்கும் ஒரு விலை: கிகாவ் போனார், கொரோய்சாவ் போனார், கிரைட்டன் போனார், 2024 முடிந்ததும் லூவாய், ஃபிஷர்-ஹாரிஸ் இருவரும் போனார்கள். போனவர்கள் எங்கே போகிறார்கள்? கீழே கிடக்கிற டீம்களுக்கு. மேலே இருப்பவன் இறங்குவதற்கும் கீழே இருப்பவன் ஏறுவதற்கும் வழி சட்டத்திலேயே இருக்கிறது.

இரண்டாவது, அட்டவணை. 17 டீம், ஒருத்தருக்கு 24 மேட்ச். மற்ற 16 பேரோடும் ஒரு தடவை ஆடினால் 16 ஆச்சு. மிச்சம் 8. ஆக, எட்டு டீமோடு இரண்டு தடவை, எட்டு டீமோடு ஒரே தடவை. உனக்கு யார் இரண்டு தடவை வருகிறார்கள் என்பதில் பாதி விதி இருக்கிறது. ஒரே சிலபஸ், ஆனால் ஒவ்வொருத்தருக்கும் வேற வேற கொஸ்டின் பேப்பர் மாதிரி.

மூன்றாவது, ஸ்டேட் ஆஃப் ஆரிஜின். சீசன் நடுவில் குயின்ஸ்லாந்துக்கும் நியூ சவுத் வேல்ஸுக்கும் மூன்று மேட்ச். நல்ல டீமிலிருந்துதான் நிறைய பேரை எடுப்பார்கள். அடிபட்டோ களைத்தோ திரும்பி வருவார்கள். நல்ல டீமாக இருப்பதற்கே ஒரு வரி கட்டுகிற மாதிரி.

நான்காவது, 1, 6, 7, 9 என்ற நம்பர் போட்ட நான்கு பேர். ஸ்பைன் என்பார்கள், டீமின் முதுகெலும்பு. இதில் 7-ம் நம்பர் இல்லாவிட்டால் மற்ற 12 பேர் எவ்வளவு நல்லவர்களாக இருந்தும் பிரயோஜனம் குறைவு. 2025-ன் முதல் ரவுண்டில் ஈல்ஸ் 56-18 என்று மெல்போர்னிடம் அடி வாங்கியது. மிட்செல் மோசஸ் காயத்தால் ஆடவில்லை. ஸ்கோரை மட்டும் பார்த்தவன் "இந்த டீம் தேறாது" என்பான். டீம் ஷீட்டைப் பார்த்தவன் "7 வரட்டும், பாப்போம்" என்பான்.

இப்போது கொஞ்சம் பழைய கணக்கு. 2023-ல் டால்ஃபின்ஸ் என்ற புது டீம் உள்ளே வந்தது. கரண்டி அவர்களுக்குத்தான் என்று நிறைய பேர் எழுதினார்கள். முதல் மேட்சிலேயே சிட்னி ரூஸ்டர்ஸை 28-18 என்று அடித்தார்கள். முதல் மூன்று மேட்சும் ஜெயம். உடனே அதே ஆட்கள் பேனாவைத் திருப்பிப் பிடித்து, இது அதிசய டீம் என்றார்கள். கடைசியில் 13-ம் இடம். முதல் கணிப்பும் இல்லை, இரண்டாவது கணிப்பும் இல்லை, நடுவில் எங்கேயோ நின்றது. அதே வருஷம் சவுத் சிட்னி சீசன் பாதியில் முதல் இடத்தில் இருந்தது. முடிவில் 9-ம் இடம். எட்டு டீம்தான் ஃபைனல்ஸ் போகும்.

மறுபக்கம், நார்த் குயின்ஸ்லாந்து 2021-ல் 15-ம் இடம், 2022-ல் 3-ம் இடம். நியூசிலாந்து வாரியர்ஸ் 2022-ல் 15, 2023-ல் 4. கேன்டர்பரி புல்டாக்ஸ் 2023-ல் 15, 2024-ல் 6. மூன்று வருஷம் தொடர்ந்து, 15-ம் இடத்திலிருந்த டீம் அடுத்த வருஷம் ஃபைனல்ஸுக்குள். "கீழே இருப்பவன் ஏறியே தீருவான்" என்று இதிலிருந்து தியரம் எழுதிவிடாதீர்கள். வெஸ்ட்ஸ் டைகர்ஸ் 2022, 23, 24 மூன்று வருஷமும் தொடர்ந்து கரண்டி வாங்கியது. கீழே விழுந்தவனுக்கு வழி திறந்திருக்கிறது என்பது வரை உண்மை. நடப்பது அவன் கையில்.

இனி நான் இந்தக் கட்டுரையை எழுதக் காரணமான விஷயம்.

2022 அக்டோபரில் கிராண்ட் ஃபைனல் யார் யாருக்கு என்று பார்த்தால், பென்ரித்தும் பரமட்டாவும். மாமா வாழ்நாளில் காத்திருந்த மேட்ச். அதற்குச் சில வாரம் முன்னால்தான் மச்சான் வீட்டில் ஒரு குண்டு போட்டிருந்தான். இன்ஜினியரிங் இரண்டாம் வருஷத்தோடு நிறுத்துகிறேன், எலக்ட்ரீஷியன் அப்ரன்டிஸாகச் சேரப்போகிறேன் என்று. மாமா வீட்டில் என்ன நடந்தது என்று எனக்கு முழுசாகத் தெரியாது. எங்கள் வீட்டு ஹாலில் ஃபோன் ஸ்பீக்கரில் கேட்டது மட்டும் தெரியும். "ஒயர் புடிக்கவா இவ்வளவு தூரம் வந்தேன் அக்கா?" என்றார் மாமா. அம்மா அழுதாள். பெரியம்மா, சித்தப்பா என்று வரிசையாக எல்லோரும் கணிப்பு சொன்னார்கள். அவன் வாழ்க்கை போச்சு. இனி எழமாட்டான். இருபது வயசு. என்.ஆர்.எல். கணக்கில் மூன்றாவது ரவுண்டுகூட முடியவில்லை.

அந்த கிராண்ட் ஃபைனலில் பென்ரித் 28-12 என்று ஜெயித்தது. மச்சான் குரூப்பில் ஒரு வார்த்தை போடவில்லை. மாமாவும் போடவில்லை. அதன்பின் மச்சான் பென்ரித் பக்கமே ரூம் எடுத்துக்கொண்டு போய்விட்டான். அப்பாவும் மகனும் நேரில் பேசுவது நின்றுபோனது. குரூப் மட்டும் நிற்கவில்லை. அடுத்த மார்ச்சில் மாமா தன் எட்டு டிப்ஸைப் போட்டார். ஒரு மணி நேரம் கழித்து மச்சான் தன் எட்டைப் போட்டான். வேற ஒன்றும் இல்லை. டீம் பெயர்கள் மட்டும். இரண்டு பேரும் உயிரோடு, நலமாக இருக்கிறார்கள் என்று வாரா வாரம் எனக்குத் தெரிந்தது அதை வைத்துத்தான். அத்தையும் அதைத்தான் எதிர்பார்த்து இருப்பாள். வியாழக்கிழமை எனக்கு ஃபோன் பண்ணி, "அவன் போட்டானா டா?" என்பாள்.

லேப்பில் இருந்துகொண்டே நான் என் டிப்ஸைப் போட்டதற்குக் காரணம் ரக்பி மோகம் மட்டும் இல்லை என்று இப்போது புரியும். மூன்று பேரில் ஒருத்தர் நிறுத்தினால் குரூப் செத்துவிடும்.

2025-க்கு வருகிறேன். நான்கு கோப்பை வாங்கிய பென்ரித் அந்த வருஷம் வரிசையாகத் தோற்றது. சீசன் பாதியில் 17-ல் 17-ம் இடம். ஆமாம், நடப்புச் சாம்பியன் கடைசி இடத்தில். மாமா ரொம்ப நாள் கழித்து டிப்ஸ் தவிர வேற ஒரு வரி எழுதினார்: "உங்க டீம் கதை முடிஞ்சுது." பத்து நிமிஷம் கழித்து மச்சானின் பதில்: "இன்னும் பாதி சீசன் இருக்குப்பா."

அதில் "ப்பா" என்று இருந்ததை நான் இரண்டு தடவை படித்தேன்.

அதன்பின் நடந்தது எல்லோருக்கும் தெரிந்த கதை. பென்ரித் வரிசையாக ஜெயிக்க ஆரம்பித்தது. 7-ம் இடத்தில் முடித்தது. ஃபைனல்ஸில் வாரியர்ஸை அவர்கள் ஊரிலேயே 24-8 என்று தோற்கடித்தது, புல்டாக்ஸை 46-26 என்று தோற்கடித்தது. அடுத்தது பிரிஸ்பேனோடு, ஜெயித்தால் கிராண்ட் ஃபைனல். அந்த வாரம் மாமாவின் டிப்பைப் பார்த்து நான் ஸ்க்ரீன்ஷாட் எடுத்துவைத்துக்கொண்டேன். "பென்ரித்." பென்ரித் ஆடும் மேட்சில் எதிர் டீமையே எழுதிவந்த மனுஷன், அது வரைக்கும் ஒரு தடவைகூட அந்தப் பெயரை டிப்பாகப் போட்டதில்லை. பென்ரித் 16-14 என்று தோற்றது. இரண்டே புள்ளி. மாமாவுக்கு அந்த டிப் வீண். மச்சான் எழுதினான்: "பரவால்லப்பா. தேங்க்ஸ்."

அந்தச் சீசனின் மற்ற பாதியும் கணிப்பாளர்களுக்குப் பாடம்தான். எட்டுக்குள் வராது என்று பலர் கைவிட்ட கேன்பரா ரெய்டர்ஸ் பட்டியலில் முதல் இடம் வந்தது. 1990-க்குப் பிறகு முதல் முறை. அப்பாடா, இவர்களைத் தப்பாக நினைத்துவிட்டோமே என்று எல்லோரும் கணிப்பை மாற்றிக்கொண்ட நேரத்தில், ஃபைனல்ஸில் இரண்டு மேட்சும் தோற்று வெளியே. முதல் தோல்வி பிரிஸ்பேனிடம் 29-28. அதே பிரிஸ்பேன் கிராண்ட் ஃபைனலில் பாதி நேரத்தில் 22-12 என்று பின்தங்கியிருந்து, மெல்போர்னை 26-22 என்று வென்றது. 2006-க்கு அப்புறம் முதல் கோப்பை. 2020-ல் கரண்டி வாங்கிய டீம் அது.

இப்போது 2026. என் பட்டியலை இங்கே பதிவு செய்கிறேன், செப்டம்பரில் ஸ்க்ரீன்ஷாட்டோடு வாருங்கள். 2025-ல் கரண்டி வாங்கிய நியூகாஸில் நைட்ஸ் இந்த முறை கடைசி வராது. புது கோச், அதோடு ஈல்ஸிலிருந்து டிலன் பிரவுனைப் பத்து வருஷ ஒப்பந்தத்தில் தூக்கியிருக்கிறார்கள். (மாமா இன்னும் அதிலிருந்து மீளவில்லை.) கேன்பரா இறங்கும், ஆனால் எட்டுக்குள் நிற்கும். மெல்போர்ன் முதல் நான்கில். இதற்கு ஜோசியமே தேவையில்லை. பென்ரித்தும் முதல் நான்கில். க்ளியரி 7-ம் நம்பரில் நிற்கும்வரை அவர்களைக் கீழே போட எனக்கு மனசு வராது. ஈல்ஸ்? மோசஸ் முழு சீசனும் ஆடினால் எட்டாவது. மாமா படிப்பார் என்பதற்காக எழுதவில்லை, நிஜமாகவே.

ஜூனியர்களுக்கு என் அனுபவத்தில் மூன்று டிப்ஸ். முதல் ஐந்து ரவுண்டு வரை பட்டியலைப் பார்க்காதே, யார் இல்லாமல் தோற்றார்கள் என்று பார். ஜெயம் தோல்வியை விட, எத்தனை புள்ளி போட்டார்கள், எத்தனை விட்டார்கள் என்ற வித்தியாசம் அதிகம் பேசும். இரண்டு புள்ளியில் தோற்றவனும் நாற்பதில் தோற்றவனும் பட்டியலில் ஒன்றுதான், நிஜத்தில் இல்லை. மூன்றாவது, கணிப்பைப் பென்சிலில் எழுது.

மச்சானின் அப்ரன்டிஸ் நான்கு வருஷம். இந்த டிசம்பரில் முடியும், லைசன்ஸ் வரும். அவன் எப்படி வருவான் என்று நான் கணிக்கப்போவதில்லை. எங்கள் வீட்டில் அந்த வேலைக்கு ஏற்கெனவே நிறைய ஆட்கள் இருக்கிறார்கள். மாமாவுக்கு மட்டும் 1895 கதையை ஒரு நாள் மெதுவாக அனுப்பினேன். கூலிக்காரர்கள் தங்கள் கூலிக்காக உருவாக்கிய ஆட்டம்தான் நீங்க இத்தனை வருஷம் உயிரை விடுறது மாமா, என்று. ப்ளூ டிக் வந்தது. பதில் இல்லை.

போன வாரம் முதல் ரவுண்டு டிப்ஸ் போட்டுவிட்டு, அதற்குக் கீழே மாமா எழுதினார்: "பின்னாடி வராண்டா லைட் எரிய மாட்டேங்குது. ஞாயித்துக்கிழமை வந்து பாக்குறியா?"

"வந்து பாக்கலாம், கை வைக்கக் கூடாதுப்பா. லைசன்ஸ் டிசம்பர்லதான்."

"சரி, சாப்பிட வா. லைட்டு டிசம்பர் வரைக்கும் இருக்கட்டும்."